வரைபடத்தில் ஸ்பானிஷ் இலக்கணம்

நாவலூர், சிறுசேரி பக்கம் மெக்சிகோ கிளையன்ட்டுக்காக ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு: பெயரடைப் பட்டியலை உருப்போடாதீர்கள். உலக வரைபடத்தை எடுங்கள்.

கோஸ்டா ரிகா, புவேர்ட்டோ ரிகோ. இரண்டிலும் 'வளமான' என்ற ஒரே சொல்தான். கோஸ்டா (கடற்கரை) பெண்பால், அதனால் ரிகா. புவேர்ட்டோ (துறைமுகம்) ஆண்பால், அதனால் ரிகோ. அடைமொழி பெயருக்குப் பின்னால் நிற்பதையும் பாருங்கள். புவேனஸ் ஐரஸில் மட்டும் 'நல்ல' முன்னால் வந்துவிட்டது. ஐரஸ் (காற்றுகள்) பன்மை என்பதால் அந்த 'நல்ல'வும் பன்மை.

நமக்கு இது ஏன் உதைக்கிறது? நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல வீடுகள். நம்ம 'நல்ல' யாருக்காகவும் மாறாது. அதையே வாக்கியக் கடைசியில் வையுங்கள்: அவன் நல்லவன், அவள் நல்லவள், அவர்கள் நல்லவர்கள். ஆக, பழக்கம் இருக்கிறது, இடம்தான் வேறு.

ஸ்பானிஷில் மேசை எப்படிப் பெண்பால் ஆனது என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால் என்பதையும் முழுசாக நம்பவேண்டாம். மானோ (கை) பெண்பால். கிராந்தே (பெரிய) மாதிரி 'ஏ'வில் முடிகிறவை பாலுக்கு ஏற்ப மாறாது, புண்ணியவான்கள்.

ஒன்றில் மட்டும் உஷார். 'எஸ்தோய் அபுர்ரிதோ' என்றால் எனக்கு போரடிக்கிறது. 'சோய் அபுர்ரிதோ' என்றால் நானே ஒரு போர். கிளையன்ட் காலில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். பெண்கள் கடைசியில் 'தா' போட்டுக்கொள்ளுங்கள்.