ஒரு அழைப்பு, மூன்று க்யூ

கால் சென்டர் வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. ரேஷன் கடையில் நிற்பவர் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்க்கலாம். போனைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அதற்கு வழியில்லை. தளத்தில் எல்லோரும் இந்த வரிசையைக் ‘க்யூ’ என்றே சொல்கிறார்கள். பில்லிங்குக்கு ஒரு க்யூ, டெக்னிகலுக்கு ஒரு க்யூ, இணைப்பே வேண்டாம் என்பவர்களைச் சமாதானப்படுத்த ‘ரிடென்ஷன்’ என்று இன்னொரு க்யூ. ஓர் அழைப்பு இவற்றுக்குள் எங்கே நுழைந்தது, யார் எடுத்தார், எங்கே தள்ளிவிடப்பட்டது என்று தடம் பிடித்துக் கணக்கு எழுதுபவர் எம்.ஐ.எஸ். பணியாளர். ஹெட்போன் போடாமல் அந்தத் தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் அவரும் ஒருவர்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களுக்காக இயங்கும் ஒரு தளத்தில் இந்த வேலையை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. அங்கே அழைப்புகளைப் பகிர்வது ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள். மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கியது, மூலநிரல் திறந்தது, காசில்லாமல் கிடைப்பதால் சிறிய கால் சென்டர்கள் பலவற்றில் இதுதான் ஓடுகிறது. க்யூவில் நடப்பதையெல்லாம் அது ‘க்யூ லாக்’ என்ற கோப்பில் எழுதிக்கொண்டே போகும். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. முதலில் நேரம், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிவந்த நொடிகளாக. பிறகு அழைப்பின் அடையாள எண், க்யூவின் பெயர், ஏஜென்ட், என்ன நடந்தது என்பது, நடுவில் நெட்டுக்கோடுகள். க்யூவில் நுழைந்தால் ‘என்டர்க்யூ’, ஏஜென்ட் எடுத்தால் ‘கனெக்ட்’, காத்திருந்து வெறுத்து வைத்துவிட்டால் ‘அபான்டன்’. ஏஜென்ட்டின் போன் அடித்தும் அவர் எடுக்கவில்லை என்றால் ‘ரிங்நோஆன்ஸர்’. இதில் ஒரு குழி உண்டு. காத்திருப்பையும் பேச்சையும் நொடியில் எழுதும் அதே கோப்பு, இந்த எடுக்காத மணியை மட்டும் மில்லிநொடியில் எழுதுகிறது. புதிதாக வேலைக்கு வந்தவர் ‘15000’ என்பதை நொடி என்று எடுத்துக்கொண்டால், ஒருவர் நாலு மணி நேரம் போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததாக ரிப்போர்ட் போய்விடும்.

அரை மணிக்கு ஒருமுறை இந்தக் கோப்பை இறக்கி எக்ஸெலில் கொட்டுகிறார்கள். அதற்கு ‘டம்ப்’ என்று பெயர். பிவட் போட்டு, க்யூ வாரியாக எத்தனை வந்தன, எத்தனை எடுக்கப்பட்டன, எத்தனை 20 நொடிக்குள் எடுக்கப்பட்டன என்று பிரித்து, டீம் லீடர்களின் வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுவார்கள். 80 சதவீத அழைப்புகள் 20 நொடிக்குள் எடுக்கப்பட வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலான இலக்கு. இந்தச் சதவீதத்துக்கு ‘சர்வீஸ் லெவல்’ என்று பெயர். அதில் எதை எதால் வகுப்பது என்பதில்தான் வேலையின் முதல் சூட்சுமம். 200 அழைப்புகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 150 பேருக்கு 20 நொடிக்குள் பதில் கிடைத்தது, 30 பேருக்குத் தாமதமாக. 20 பேர் வைத்துவிட்டார்கள், அதில் 8 பேர் 5 நொடிக்குள்ளேயே. வந்தவை அனைத்தாலும் வகுத்தால் 75 சதவீதம். அந்த 8 பேரும் தெரியாமல் அழுத்தியவர்கள் என்று கழித்துவிட்டால் 78.1. எடுக்கப்பட்ட 180ஆல் மட்டும் வகுத்தால் 83.3, இலக்கைத் தாண்டியாயிற்று. மூன்று வகுத்தலும் புழக்கத்தில் உள்ளவைதான். ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ரிப்போர்ட் போடக் கூடாது.

இதெல்லாம் ஒரே க்யூவுக்குள் முடியும் கதை. அழைப்பு நகரத் தொடங்கியதும் கணக்கு குழம்புகிறது.

தளத்தில் ஒரு காலையில் எடுத்துப் பார்த்த அழைப்பு இது. 10:41:06க்கு பில்லிங் க்யூவில் நுழைகிறது. 14 நொடியில் ஏஜென்ட் எடுக்கிறார், 3 நிமிடம் 10 நொடி பேசுகிறார். இணைய வேகம் குறைந்ததற்காக பில்லைக் குறைக்கச் சொல்கிறார் வாடிக்கையாளர். வேகம் என்ற சொல் காதில் விழுந்ததும் டெக்னிகலுக்குத் தள்ளிவிடுகிறார் ஏஜென்ட். அங்கே 18 நொடிக் காத்திருப்பு, 2 நிமிடம் 5 நொடிப் பேச்சு. பில்லைக் குறைப்பது எங்கள் வேலையில்லை என்று திரும்ப பில்லிங்குக்கு வருகிறது. 16 நொடி கழித்து வேறொருவர் எடுத்து, 4 நிமிடம் பேசி முடிக்கிறார். மணி 10:51:09.

க்யூ வாரி ரிப்போர்ட்டில் இது மூன்று அழைப்பு. மூன்றும் எடுக்கப்பட்டன, மூன்றும் 20 நொடிக்குள், சர்வீஸ் லெவல் நூற்றுக்கு நூறு. சராசரிப் பேச்சு 3 நிமிடம் 5 நொடி, அதுவும் இலக்குக்குள். போனைப் பிடித்திருந்தவருக்கோ இது ஒரே அழைப்பு. மூன்று முறை வரிசையில் நின்றார், ஒரே கதையை மூன்று பேரிடம் சொன்னார், பத்து நிமிடம் போயிற்று.

“பில்லிங்ல 92 வந்திருக்கு, டெக்ல 90. அப்புறம் எதுக்கு இத்தன எஸ்கலேஷன்?” என்று டம்ப் போடும் பெண்ணிடம் டீம் லீடர் கேட்டார்.

“ரெண்டு நம்பரும் சரிதான்க்கா. அந்த ஆளு ரெண்டுலயும் நின்னிருக்காரு.”

அவர் செய்து காட்டியது எளிமையானதுதான். க்யூ பெயரை வைத்துப் பிரிக்காமல், அடையாள எண்ணை வைத்து அடுக்கி, அதற்குள் நேர வரிசையில் பார்த்தார். சிதறிக் கிடந்த வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. சொல்லாமல் தள்ளிவிடும் ‘பிளைண்ட்’ டிரான்ஸ்ஃபரில் வாடிக்கையாளரின் அடையாள எண் அடுத்த க்யூவிலும் அப்படியே தொடரும் என்பதால் இது முடிகிறது. அடுத்தவரிடம் விவரம் சொல்லிவிட்டு ஒப்படைக்கும் ‘வாம்’ டிரான்ஸ்ஃபரில் முடியாது. அதில் முதல் ஏஜென்ட் வாடிக்கையாளரை ஹோல்டில் வைத்துவிட்டுத் தானே இரண்டாவது க்யூவுக்கு போன் போடுகிறார். புது அழைப்பு, புது எண். இரண்டாவது க்யூவின் கணக்கில், உள்ளேயிருந்து யாரோ ஓர் ஊழியர் அழைத்தது போலப் பதிவாகும். வாடிக்கையாளர் காத்திருந்த நேரமோ முதல் ஏஜென்ட்டின் பேச்சு நேரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். இப்படிப்பட்ட துண்டுகளை ஒட்டவைக்கவே ஆஸ்டரிஸ்கில் ‘லிங்க்ட்ஐடி’ என்ற பொது எண் இருக்கிறது. ஆனால் அது க்யூ லாக்கில் வராது. வேறொரு பதிவேட்டிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். அவாயா என்ற நிறுவனத்தின் கால் சென்டர் அமைப்பில் இதே வேலைக்கு ‘யூசிஐடி’ என்ற எண் உண்டு.

ஓவர்ஃப்ளோ இன்னும் மோசம். ஒரு க்யூவில் 60 நொடி வரை யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு தானாகவே துணை க்யூவுக்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே 12 நொடியில் ஒருவர் எடுத்துவிடுகிறார். முதல் க்யூவில் அது எடுக்கப்பட்டதும் இல்லை, கைவிடப்பட்டதும் இல்லை. நேரம் முடிந்து வெளியேறியது என்று மட்டும் ஒரு வரி. துணை க்யூவில் ‘12 நொடி’. 72 நொடி நின்றவர் நல்ல வாடிக்கையாளர் சேவைக்கு உதாரணமாகிவிடுகிறார். கடிகாரம் க்யூவுக்கு க்யூ பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். யாரும் திட்டமிட்டு ஏமாற்றுவதில்லை. மென்பொருள் அப்படி எண்ணுகிறது, இலக்கும் அப்படியே எழுதப்பட்டுவிட்டது.

ஆள் கணக்கையும் இது கெடுக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டேனிஷ் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட காத்திருப்புச் சூத்திரம்தான் இன்றும் ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு அடிப்படை. அரை மணியில் 100 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் சுமை 10 எர்லாங். 80க்கு 20 இலக்கை எட்ட 14 பேர் வேண்டும். அந்த நூறில் இருபது பழைய அழைப்புகளின் மறுவருகை என்றால், உண்மையில் போன் செய்தவர்கள் 80 பேர்தான். மறுவருகையைக் குறைத்திருந்தால் ஆளும் குறைந்திருக்கும். டம்ப்பைத் தைத்துப் பார்க்காதவரை, ‘கால் அதிகமாயிடுச்சு, ஆள் போடுங்க’ என்றே பேச்சு முடியும்.

ஏஜென்ட்டுகளுக்கு இது தெரியாததல்ல. பேச்சு நேரம் கூடினால் டீம் லீடர் பின்னால் வந்து நிற்பார். தள்ளிவிட்டால் நேரம் குறையும். ஒரு மேசையில் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் க்யூக்களின் எண்கள், பேனாவால் பெரிதாக. ஒன்றின்மேல் விரல் பட்டுப் பட்டு மை கலங்கியிருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து கேப் வர அரை மணி இருக்கும்போது நீளமான அழைப்பு ஒன்று மாட்டினால் யாராக இருந்தாலும் கை அந்தச் சீட்டுக்குத்தான் போகும்.

நள்ளிரவும் ஒரு சங்கடம். 11:58க்கு நுழைந்து 12:03க்கு இடம் மாறும் அழைப்பு இரண்டு நாள் ரிப்போர்ட்டுகளில் பாதி பாதியாக விழும். வந்த நேரத்தை வைத்து எண்ணுவதா, முடிந்த நேரத்தை வைத்தா என்று ஒரு முறை தீர்மானித்துவிட்டு மாற்றாமல் இருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

தைத்து முடித்த அழைப்புகளைக் கடைசியில் ஒரு கட்டத்துக்குள் கொண்டுவருகிறார்கள். இடப்பக்கம் அனுப்பிய க்யூ, மேலே வாங்கிய க்யூ. பில்லிங்கிலிருந்து டெக்னிகலுக்கு எத்தனை, டெக்னிகலிலிருந்து ரிடென்ஷனுக்கு எத்தனை என்று ஒரே பார்வையில் தெரியும். அதன் மூலைவிட்டம் காலியாக இருக்க வேண்டும். ஒரு க்யூவிலிருந்து அதே க்யூவுக்கு அழைப்பை மாற்றக் காரணமே இல்லை. அன்று பில்லிங்குக்கும் பில்லிங்குக்கும் நடுவிலிருந்த கட்டத்தில் 11 என்று இருந்தது. எடுத்தவர் பேச விரும்பாமல், தன் க்யூவின் எண்ணையே அழுத்தி வரிசையின் கடைசிக்கு அனுப்பிய 11 பேர். அந்தப் பெண் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் அடித்து, கோப்பை மெயிலில் இணைத்து அனுப்பினார். பிறகு அடுத்த அரை மணி டம்ப்பை இறக்கத் தொடங்கினார்.