பேருக்குப் பின்னால் ஒரு 'ஹெச்'

தோல் நோய்ப் பிரிவின் புறநோயாளி அறை. டியூப் லைட்டை நம்பாமல் டாக்டர் அந்த அம்மாவை ஜன்னலோரம் நிறுத்திக் கையைத் திருப்பிப் பார்க்கிறார். மேல்கையின் வெளிப்புறம் வட்ட வட்டமாகச் சிவப்பு. ஓரத்தில் மெல்லிய செதில், நடுவில் வெளுப்பு. முதுகிலும் அதே வட்டங்கள், ஆனால் ஜாக்கெட் விளிம்போடு நின்றுவிட்டன. துணி மறைத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை.

"படர்தாமரைதானே சார்?" மகள் ஒரு களிம்பு டியூபை நீட்டுகிறாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, அடிவரை சுருட்டிப் பிதுக்கியாயிற்று. டாக்டர் அதை வாங்கவில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பி.பி.க்கு?"

"அது தினமும் போடுறதுதானே."

தினமும் போடுவது நம் வீடுகளில் மாத்திரைக் கணக்கிலேயே சேராது. சுருக்குப் பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டை வருகிறது. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்கிறார்.

"பேருக்குப் பின்னால 'ஹெச்' இருக்கே, எப்ப மாத்தினாங்க?"

"பிரஷர் இறங்கலைன்னு பொங்கலுக்கு முன்னால."

அந்த 'ஹெச்', ஹைட்ரோகுளோரோதையசைடு. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைப்பது. பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும் மருந்துதான். அபூர்வமாக யாரோ ஒருவருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைச் சொந்தத் தோலின் மேலேயே ஏவிவிடும். வெயில் பட்ட இடத்தில் லூபஸ் என்ற அந்த நோயின் வட்டங்கள் கிளம்பும். 1985இலேயே மருத்துவ இதழில் பதிவான சங்கதி. மாத்திரை தொடங்கிச் சில வாரத்திலும் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம். யாருக்கு அதன்மேல் சந்தேகம் வரும்?

துளி சதை எடுத்துப் பரிசோதிக்க ஒரு சீட்டு, ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு. மகளின் கை அட்டையைக் கசக்கப் போகிறது.

"நீங்களா நிறுத்தாதீங்க. இன்னிக்கே மெடிசின் ஓ.பி.யில காட்டுங்க, வேற மாத்திரை எழுதித் தருவாங்க."

"இது போயிடுமா?"

"மாத்திரைதான் காரணம்னா பெரும்பாலும் போயிடும். வாரக்கணக்கோ மாசக்கணக்கோ ஆகலாம். வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கோங்க."

அந்த அம்மாவுக்கு வேறொரு கவலை.

"கத்திரிக்காயும் கருவாடும் தொடாம இருக்கேன் சார்."

"கத்திரிக்காய் சாப்பிடுங்க. கருவாடு வேண்டாம். அது தோலுக்காக இல்ல, பி.பி.க்காக."