கடதாசி அலுமாரி

எங்கள் அறையில் இரண்டு கட்டில்களும் ஓர் அலுமாரியும் இருந்தன. அலுமாரி ராத்தாவுடையது. பலகைத் தூளை அழுத்திச் செய்தது. வாப்பா தவணை முறையில் வாங்கிக் கொடுத்தார். நான் உயர்தரத்துக்கு வந்தபோது புத்தகங்களை வைக்க இடமில்லை. இன்னோர் அலுமாரி கேட்க மனம் வரவில்லை.

வாப்பா வேலை செய்யும் புடைவைக் கடையில், துணி சுற்றி வரும் கடதாசிக் குழாய்கள் வாரந்தோறும் குப்பைக்குப் போகும். அவற்றில் சிலவற்றையும் பிஸ்கட் பெட்டி மட்டைகளையும் கொண்டுவரச் சொன்னேன். கோதுமை மாவில் பசை காய்ச்சினேன்.

"கடதாசியில அலுமாரியா? கறையானுக்கு விருந்து வைக்கிறாய் போல" என்றார் மூத்தம்மா.

முதலில் செய்த தட்டு ஒரே வாரத்தில் தொய்ந்துவிட்டது. பிழை என்னுடையது. மட்டையின் நடுவே அலையலையாக ஓர் அடுக்கு இருக்கும். அலைகள் ஓடும் திசையில் மட்டை உறுதியாக நிற்கும். மற்றப் பக்கமாக எளிதில் மடியும். அதைக் கவனியாமல் வெட்டியிருந்தேன். ஒன்றின் அலைக்குக் குறுக்கே மற்றதன் அலை வரும்படி மூன்று மட்டைகளை ஒட்டியதும், தடித்த புத்தகங்களைக்கூடத் தாங்கியது.

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், 1995இல் கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குக் கடதாசிக் குழாய்களால் வீடு கட்டிக் கொடுத்தவர். சுனாமிக்குப் பின் நம் நாட்டின் கிரிந்தையில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு வீடுகளை வடிவமைத்தவரும் அவரே. அவை மண் கற்களால் ஆனவை. இதைச் சொன்ன பிறகு மூத்தம்மா கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார், என்னை அல்ல, குழாய்களை.

நவம்பர் மழையில் ஓரிரவு வெள்ளம் வாசற்படியைத் தாண்டியது. ராத்தாவின் அலுமாரியை நாங்கள் எல்லோரும் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. உடுப்புகளை அள்ளத்தான் நேரமிருந்தது. என்னுடையதை, புத்தகங்களை இறக்காமலே, நானும் ராத்தாவும் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டோம். கால்கள் நனைந்து கூழாகியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ், கொப்பிகள் ஒன்றும் நனையவில்லை.

வெள்ளம் வடிந்தபோது ராத்தாவின் அலுமாரி, தேநீரில் தோய்த்த ரஸ்க் போல அடியில் உப்பி உதிர்ந்தது. இரண்டு தவணை இன்னும் பாக்கி. வாப்பா அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

இப்போது இரண்டு செய்கிறோம். கால்களை வெறும் பால் பேணிகளுக்குள் நிறுத்துவது வாப்பாவின் யோசனை. நிலத்து ஈரம் ஏறாது. பசை காய்ச்சும் வேலையை மூத்தம்மா எடுத்துக்கொண்டார். கறையான் அண்டாமலிருக்க அதில் மயில்துத்தம் போட வேண்டுமாம். அளவு அவருக்கு மட்டுந்தான் தெரியும்.