கூரை மேலே காய்கறித் தோட்டம்!

வியட்நாமின் ஹோ சி மின் நகரைத் தாண்டினால் டோங் நாய் மாகாணம். அங்கே ஒரு ஷூ ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் 500 பேருக்காக 2013-ல் கட்டிய மழலையர் பள்ளி இது. செலவைக் குறைக்க உள்ளூர்ச் செங்கலும் ஓடும்தான்.

கூரையைப் பாருங்கள்! மூன்று வளையங்களாகச் சுற்றி, முற்றம் வரை சரிந்து இறங்குகிறது. விளையாடுகிற குழந்தை படி தேடாமல் புல்லில் நடந்தே மேலே போய்விடும். (நம்மூர்ப் பள்ளிகளில் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுதான்!) மேலே 200 சதுர மீட்டரில் ஐந்து வகைக் காய்கறிகள். ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுகிறார்கள். வகுப்பறையில் ஏ.சி. கிடையாது, வெயிலைப் புல்கூரை தாங்கிக்கொள்கிறது.

வயல்கள் ஆலைகளாக மாறிவரும் நாடு. வடிவமைத்த கட்டடக் கலைஞர் வோ ட்ராங் நியாவுக்கு அந்தக் கவலைதான். அப்பா, அம்மா ஆலையில் ஷூ தயாரிக்க, பிள்ளைகள் கூரையில் செடி வளர்க்கக் கற்கிறார்கள்.