பனியில் போட்ட ஓடுபாதை

கிரீன்லாந்தின் நடுவில், கடல்மட்டத்துக்கு மேல் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சம்மிட் ஆய்வு நிலையம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை நடத்துகிறது. 1993இல் இங்கே 3,053 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டார்கள். அப்போது எடுத்த பனித்தூண்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் பார்க்கப் போனது ஓடுபாதை போடுகிறவர்களை.

கிரீன்லாந்தின் மேற்குப் பக்கத்திலுள்ள காங்கர்லுசுவாக்கிலிருந்து எல்.சி.-130 விமானத்தில் ஏறினோம். நியூயார்க் வான் தேசியக் காவல்படையின் 109ஆவது பிரிவு ஓட்டும் சரக்கு விமானம் அது. சக்கரத்தோடு டெஃப்லான் பூசிய ராட்சத ஸ்கீக்களும் உண்டு. இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. விமானமோ இன்ஜினை நிறுத்தாமலே சரக்கை இறக்கிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்புவது யாருக்கும் பிடிக்காத வேலை.

ஓடுபாதையின் நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர். கல்லும் தாரும் கிடையாது, எல்லாம் பனிதான். காற்று பனியைச் செதுக்கி, உழுது காய்ந்த வயல்போல வரப்பு வரப்பாக்கிவிடும். அது இறுகினால் ஸ்கீயை உடைக்கும். டிராக்டரின் பின்னால் சமன்செய்யும் கருவியைக் கட்டி, மேடுகளைச் சீவி, பள்ளத்தில் தள்ளி, அமுக்குகிறார்கள். மணிக்கணக்கில் போவதும் வருவதும்தான்.

“ஓட்டுறது பாதி வேலை. மீதி பாதி சும்மா விடுறது,” என்றார் டிராக்டர் ஓட்டும் பெண். கலைத்து அமுக்கிய பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுக நேரம் வேண்டும். அவசரப்பட்டு விமானத்தை இறக்கினால் ஸ்கீ புதையும். கோடையில் சூரியன் மறைவதே இல்லை. ஆனாலும் இரவு மணிகளில் அது தாழ்ந்து நிற்க, பனி குளிர்ந்து இறுகும். வெயில் ஏறிய நாட்களில் அவருடைய வேலை அந்த நேரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. குளிர் மிகவும் கூடினாலும் வம்புதான்: பனி மணல்போலச் சொரசொரத்து ஸ்கீயைப் பிடிக்கும்.

கிளம்புவது இன்னும் கடினம். காற்று மெலிந்திருப்பதால் இன்ஜின் வலுவும் இறக்கையின் தூக்கும் குறையும். ஒரு முறை ஓடியும் எழும்பாவிட்டால் விமானம் திரும்பி வந்து மறுபடி ஓடும். அப்போதும் முடியவில்லையென்றால் சுமையைக் குறைக்க வேண்டும். இதற்காக விமானத்தின் பக்கவாட்டில் ராக்கெட் கட்டிக் கிளம்பிய காலமும் உண்டு.

ஓடுபாதையின் இரு ஓரமும் மூங்கில் கம்புகளில் கொடிகள். மேகம் மூடினால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். விமானிக்குத் தரை எது என்று சொல்வது அந்தக் கொடிகள்தான். ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் பனி சேர்வதால் அவற்றைப் பிடுங்கி நட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிலையத்தின் பெரிய வீடும் தூண்கள்மேல்தான் நிற்கிறது. அதையும் அவ்வப்போது ஜாக்கி போட்டு உயர்த்துகிறார்கள்.

காற்று வரும் பக்கத்தில் வண்டிகளுக்கு அனுமதியில்லாத ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். இன்ஜின் புகை பட்டால் அங்கே எடுக்கும் காற்று, பனி மாதிரிகள் கெட்டுவிடும். தூய காற்றை அளக்க வந்தவர்களுக்குச் சோறும் டீசலும் புகை கக்கும் விமானத்தில்தான் வருகின்றன. வடமேற்குக் கரையிலுள்ள துலே தளத்திலிருந்து டிராக்டர் தொடர்கள் பனிமேல் எரிபொருள் இழுத்து வந்ததும் உண்டு. புகை அதிலும் உண்டு. இதில் முரண் இருக்கிறதே என்றேன் டிராக்டர் ஓட்டும் பெண்ணிடம். “இருக்கு. அதான் எங்கே ஓட்டணும்னு கோடு போட்டிருக்காங்க,” என்று டிராக்டரில் ஏறிவிட்டார்.

இந்தத் தொழிலின் எதிரி ஈரம். 2021 ஆகஸ்ட் 14 அன்று சம்மிட்டில் மழை பெய்தது. நிலையம் தொடங்கியபின் அங்கே மழை பதிவானது அதுவே முதல் முறை. அதற்கு முன் 1995, 2012, 2019 ஆண்டுகளில் அந்த உச்சியில் பனி உருகியிருக்கிறது.