படிக்கட்டுச் சுவர்

எங்கள் ஸ்காபரோ வீட்டுப் படிக்கட்டுச் சுவரில் உள்ளங்கை அளவு வெறும் இடம் கிடையாது. அப்பா ராவேலை முடிஞ்சு வந்து, நித்திரையை விட்டுட்டு ஆணி அடிச்சுக்கொண்டு நிற்பார். பல்லு விழுந்த நான், மொட்டை அடித்த தங்கச்சி, பனிக்குள் சேலையோடு நடுங்கும் அம்மா. பதினாறு வயதில் நண்பர்கள் வந்தால் நேரே பேஸ்மென்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். அவ்வளவு வெட்கம்.

ஒருநாள் கோபத்தில் கேட்டேவிட்டேன்: “ஏனப்பா இவ்வளவு படம்?”

1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனமெல்லாம் இரவோடிரவாக வெளிக்கிட்டபோது அப்பம்மா எடுத்தது காணி உறுதியும் ஒரு பை உடுப்பும்தான். அல்பங்கள் வீட்டோடு போய்விட்டன. “சின்ன வயசில என்ர முகம் எப்பிடி இருந்தது எண்டு எனக்கே தெரியாது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது என் போனில் 31,000 படங்கள். சொப்ட்வெயர்காரன் அல்லவா, மூன்று இடத்தில் பேக்கப் வேறு. சுவரில் ஒன்றுமில்லை. பெயின்ட் பழுதாகிவிடும் என்பது என் சாட்டு.

மகளுக்கு ஐந்து வயது. அப்பப்பா வீட்டுக்குப் போனால் படிபடியாக ஏறி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுவாள். போன மாதம் நடுப்படியில் நின்று, “அப்பப்பா எங்க?” என்றாள். நானும் தேடினேன். அவர் எதிலும் இல்லை. ஒன்றில் மட்டும், பனியில் அம்மாவின் காலடியில், கமராவைத் தூக்கிப் பிடித்த ஒரு நிழல்.

அன்றே இரண்டு பேரையும் அந்தப் படியில் இருத்திப் படம் எடுத்து, பிரிண்டும் போட்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது என்று கேட்க அவருக்குப் போன் எடுத்தேன்.

“நீ ஒண்டும் தொடாத. சுத்தியலோட வாறன்.”