கிராண்ட் முடியும் தேதி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நரம்பியல் ஆய்வுக்கான எலிகளை வளர்க்கும் அறைக்குள் போனால், ஒவ்வொரு பிளாஸ்டிக் கூண்டின் முன்பக்கத்திலும் ஓர் அட்டை செருகியிருக்கும். எலியின் வகை, பிறந்த தேதி, ஆய்வுக்கு அனுமதி தந்த எண், பொறுப்பான பேராசிரியரின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். கூண்டுக்கு நாள் வாடகை உண்டு. தீனி, தண்ணீர், மரத்தூள், கழுவும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு கூண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அந்தப் பேராசிரியரின் நிதியிலிருந்து கழித்துக்கொள்வார்கள். நிதி வற்றினால் கூண்டுகளைக் குறைத்தாக வேண்டும். அரிய வகை எலியாக இருந்தால் விந்தணுவையோ கருவையோ உறையவைத்துவிட்டு எலிகளைக் கொன்றுவிடுவார்கள். பணம் வந்தபின் அந்த வகையை மறுபடி பெருக்கிக்கொள்ளலாம். அந்த எலிகளை வைத்து வேலை பார்க்கும் போஸ்ட்டாக்கின் (முனைவர் பட்டம் முடித்துப் பேராசிரியரிடம் வேலை செய்யும் ஆய்வாளரின்) சம்பளமும் பெரும்பாலும் அதே நிதியிலிருந்துதான் வருகிறது. அவர் மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவர் என்றால், இந்த நாட்டில் தங்கும் உரிமையும் அதே நிதியில்தான் தொங்குகிறது. அவரை உறையவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள வழியில்லை.

மருத்துவ ஆய்வுக்கு அரசு தரும் பணத்தைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள். தொகை பெரியதுதான். மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்த கூட்டுக்குடும்பம். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,800 கோடி டாலர் அதன் கையில். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியே, பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறது. உலகில் வேறெந்த அரசு அமைப்பும் மருத்துவ ஆய்வுக்கு இவ்வளவு கொடுப்பதில்லை. கூட்டினார்களா, வெட்டினார்களா, எந்தக் கட்சி வெட்டியது என்பது செய்தியாகிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. யாரும் திட்டமிடாமலே இந்தப் பணம் இரண்டாவது குடிவரவு அலுவலகமாக வேலை செய்கிறது. நரம்பணுவைப் பற்றிய ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண், யார் இங்கே இருக்கலாம், யார் மூட்டை கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. இதனால் குடியேறியவர்களுக்கு மட்டும்தான் கஷ்டம் என்றால் அது நம் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாம். ஆய்வே கெடுகிறது என்பதுதான் என் வாதம்.

என்.ஐ.எச். மானியங்களின் முதுகெலும்பு ஆர்-01. பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களின் 5ஆம் தேதி புதிய விண்ணப்பங்களுக்குக் கெடு. ஒரு பக்கத்தில் நோக்கங்கள், 12 பக்கத்தில் ஆய்வுத் திட்டம். கிடைத்தால் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுக்குப் பணம். செலவை வரிவரியாகக் காட்டாமல் எளிய முறையில் கேட்பதற்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் உச்சவரம்பு. இது 1999இல் வைத்த வரம்பு. அதற்குப்பின் விலைவாசி இரட்டிப்பை நெருங்கிவிட்டது, வரம்பு அசையவில்லை. பேராசிரியரின் சம்பளத்தில் ஒரு பகுதி, ஒரு போஸ்ட்டாக், ஒரு மாணவர், கூண்டு வாடகை, வேதிப்பொருள், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நுண்ணோக்கி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். என்.ஐ.எச். தன் பயிற்சி உதவித்தொகையில் புதிய போஸ்ட்டாக்குக்கு 2024இல் நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். குறைந்தது 70,000 வேண்டும் என்று அதே என்.ஐ.எச். அமைத்த குழு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. பாஸ்டனில் வாடகை கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை.

சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பதுதான் இங்கே விஷயம். ஒரு மாணவரோ போஸ்ட்டாக்கோ தன் பெயரிலேயே வாங்கக்கூடிய என்.ஐ.எச். உதவித்தொகைகள் உண்டு. எஃப்-31, எஃப்-32 என்று பெயர். துறைகளுக்கு மொத்தமாகத் தரும் டி-32 என்ற பயிற்சி மானியமும் உண்டு. இவை கிடைத்தவர் பேராசிரியரின் நிதியை நம்பியிருக்க வேண்டியதில்லை, அவரோடு ஒத்துவராவிட்டால் வேறு இடம் தேடவும் தெம்பு இருக்கும். ஆனால் இவை எல்லாம் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் போஸ்ட்டாக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்காலிக விசாவில் இருப்பவர்கள். ஆக, இந்த நாட்டின் ஆய்வுக்கூடங்களில் உண்மையில் கை வைத்து வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும் ஒரே வாசல், பேராசிரியரின் கிராண்ட். 2006இல் தொடங்கிய கே-99 என்ற மானியம் ஒன்றுதான் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. விசாவில் இருப்பவரும் கேட்கலாம். பேராசிரியர் வேலைக்குப் போகும்போது பணத்தைக் கையோடு கொண்டுபோகலாம். அதற்குள்ள போட்டியைச் சொல்லவே வேண்டாம்.

இதோடு விசாவின் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். எச்-1பி-யில் இருப்பவர் வேலை போனால் 60 நாட்களுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும். ஜே-1 என்றால் திட்டம் முடிந்தபின் கிளம்புவதற்கு 30 நாள். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி எண்ணிக்கை வரம்பு இல்லை. அது சலுகை மாதிரித் தெரியும். அந்த விசாவோடு மருந்து நிறுவனத்துக்கு மாற நினைத்தால்தான் தெரியும், அங்கே ஆண்டுக்கு 85,000 என்ற வரம்பும் குலுக்கலும் காத்திருக்கின்றன. கிரீன் கார்டு கேட்டால் பிறந்த நாட்டைப் பார்த்து வரிசை. மதுரையில் பிறந்தவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் ஒரே மேசையில், ஒரே எலியின் மூளையைச் சீவி, ஒரே கட்டுரையில் பெயர் போட்டிருக்கலாம். இரண்டாமவர் பொது வரிசையில் நிற்பார். முதலாமவர் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டிய வரிசையில் நிற்பார். பாக் நீரிணையின் எந்தக் கரையில் பிறந்தார் என்பது மூளை ஆய்வில் ஒருவர் எவ்வளவு காலம் அடங்கிப் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. குடிவரவுச் சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, திறமையானவருக்குப் பணம் கிடைக்கும், பணம் கிடைத்தவர் கூடத்தில் இருப்பவர்களும் பிழைத்துக்கொள்வார்கள், இதில் என்ன தவறு என்று கேட்கலாம். மதிப்பெண் அவ்வளவு துல்லியமாக இருந்தால் தவறில்லை. ஸ்டடி செக்‌ஷன் எனப்படும் குழுவில் பொதுவாக மூவர் ஒரு விண்ணப்பத்தை ஆழ்ந்து படித்து 1 முதல் 9 வரை மதிப்பிடுவார்கள், 1தான் சிறந்தது. கீழ்ப்பாதியில் இருப்பவற்றைப் பெரும்பாலும் விவாதிக்கவே மாட்டார்கள். மோசமானதை விலக்க இந்த முறை போதும். நல்லவற்றுக்குள் எது அதிக நல்லது என்று சொல்லத்தான் முடிவதில்லை. 2018இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், 25 ஆர்-01 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாமே முதல் முறையோ, திருத்தி அனுப்பியபிறகோ உண்மையில் பணம் பெற்றவை. ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களின் மதிப்பெண்களுக்குள் ஒற்றுமையே இல்லை. ஐந்தில் ஒரு விண்ணப்பத்துக்குப் பணம் கிடைக்கும் காலத்திலேயே இந்த நிலை. 2025இல் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் எல்லைக்கோட்டை முதல் 4 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அந்த உயரத்தில் 4ஆம் இடத்துக்கும் 9ஆம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு, அன்று குழுவில் உட்கார்ந்தவர் யார் என்பதுதான்.

அதாவது இது குலுக்கல். குலுக்கல் நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபை பார்த்திருக்க ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்துக்கு அருகிலேயே வர முடியாது. (அந்த ஊரில் நிலமும் வேதக் கல்வியும் இல்லாத பெரும்பாலோரின் பெயரும் ஓலைக்கு வரவில்லை, அதை மறந்துவிட்டுப் பெருமை பேசக்கூடாது.) அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது. குலுக்கல் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள், தோற்றவரைத் திறமையற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் துணிச்சலான யோசனைகளுக்கான மானியங்களை 2013 முதல் இப்படித்தான் தருகிறது. தகுதியைப் பார்த்து வடிகட்டிவிட்டு, மிச்சத்தைக் குலுக்குகிறது. இங்கே குலுக்கலுக்குத் தகுதி என்று பெயர் வைத்து, அதன்மேல் ஒருவருடைய குடியிருப்பு உரிமையையும் ஏற்றிவைத்திருக்கிறோம்.

அரசியல் காற்றும் விசாவில் இருப்பவரின் கூரையைத்தான் முதலில் பிய்க்கிறது. ஒபாமா 2013 ஏப்ரலில் அறிவித்த பிரெயின் இனிஷியேட்டிவ் மூளை ஆய்வின் முகத்தை மாற்றிய திட்டம். வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளையிலுள்ள 1,39,255 நரம்பணுக்களையும், அவற்றுக்கிடையே 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளையும் காட்டும் முழு வரைபடம் 2024 அக்டோபரில் வெளிவந்ததற்குப் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது. அதே 2024இல்தான் அத்திட்டத்தின் ஆண்டுத் தொகை 68 கோடி டாலரிலிருந்து 40.2 கோடிக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு நடுவழியில் இருந்த ஆயிரக்கணக்கான கிராண்ட்டுகளை அரசு நிறுத்தியது. ஜூனில் பாஸ்டன் நீதிபதி அந்த நிறுத்தங்களில் பலவற்றைச் சட்டவிரோதம் என்றார். ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், பணத்துக்கான வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. பல்கலைக்கழகம் வழக்குப் பேச வக்கீல் வைத்துக்கொள்ளும். 60 நாள் கெடுவில் இருப்பவருக்கு நீதி சரியான முகவரிக்கு வந்துசேரும்போது அவர் சென்னை விமான நிலையத்தில் இறங்கியிருப்பார்.

ஆய்வு எப்படிக் கெடுகிறது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். முதலாவது, துணிச்சல் போய்விடுகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அமெரிக்காவில் புரூக்ஹேவனிலும் யூட்டாவிலும் ரைபோசோமை ஆராய்ந்தவர். 1999இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு மாறினார். பல ஆண்டு பலன் தராமல் போகக்கூடிய வேலைக்கு நிலையான நிதி வேண்டும் என்பது அந்த முடிவுக்கு ஒரு காரணம். 2009இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்குப் போக இடம் இருந்தது. ஹங்கேரியிலிருந்து 1985இல் வந்த கடலின் கரிக்கோவுக்கு இல்லை. எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்குக் கிராண்ட் கிடைக்காமல் 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். அப்படியும் பிடிவாதமாக நின்றார். 2023இல் நோபல். கடைசியில் திறமை வென்றுவிட்டதே என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. வென்றவர்கள்தான் கதையாகிறார்கள். விசா முடிந்து கிளம்பியவரின் ஆய்வு என்னவாகியிருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இரண்டாவது கேடு இதைவிட மோசமானது. அல்சைமர் நோயைப் பற்றி 2006இல் நேச்சர் இதழில் வந்து, ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டிய ஆய்வுக் கட்டுரை, படங்களில் திருத்தம் செய்யப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கூடத்தில் யாருக்கு என்ன தெரிந்தது என்ற ஊகத்துக்குள் நான் போகவில்லை. பொதுவாக ஒன்றைக் கேட்கிறேன். ஆய்வுக்கூடத்தில் தவறான படத்தை முதலில் பார்க்கக்கூடியவர் மேசையில் வேலை செய்பவர்தான். அவருடைய சம்பளம், விசா, கிரீன் கார்டுக்கான சிபாரிசுக் கடிதம் மூன்றும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது, “இந்தப் படம் சரியில்லை சார்” என்று அவர் சொல்வாரா? சொன்னவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு என் வணக்கம். எல்லோரும் வீரர்களாக இருந்தால்தான் உண்மை வெளிவரும் என்ற ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

எதிர்வாதங்களில் வலுவானது, அமெரிக்கர்களின் வரிப்பணம் அமெரிக்கர்களுக்குத்தான் என்பது. நியாயமான பேச்சாகத்தான் தெரியும். ஆனால் விசாவில் இருப்பவருக்கு உதவித்தொகையை மறுப்பதால் வரிப்பணத்தில் ஒரு காசும் மிச்சமாவதில்லை. அதே அரசுப் பணம்தான், பேராசிரியரின் கிராண்ட் என்ற சுற்றுவழியில் அதே ஆளுக்குப் போகிறது. விதி காப்பாற்றுவது அடிமைத்தனத்தை மட்டும். பலனும் ஊர் தாண்டிப் போய்விடவில்லை. 2010 முதல் 2016 வரை இந்நாட்டில் அனுமதி பெற்ற 210 புதிய மருந்துகளில் ஒவ்வொன்றின் பின்னாலும் என்.ஐ.எச். பணத்தில் நடந்த ஆய்வு ஏதாவது ஒரு வகையில் இருக்கிறது. வெளிநாட்டவர் குறைந்த கூலிக்கு வந்து உள்ளூர் இளைஞரின் சம்பளத்தைக் கெடுக்கிறார்கள் என்பது அடுத்தது. இதில் பாதி உண்மை. கெடுப்பது அவர்கள் வருகை அல்ல, விலகிப்போக முடியாத நிலை. விலக முடிந்தவருக்குத்தான் பேரம் பேச முடியும், அந்தப் பேரம் பக்கத்து மேசை அமெரிக்கருக்கும் உதவும்.

பிடிக்காவிட்டால் ஊருக்குப் போகலாமே என்பது நம்மவர்களே சொல்லும் வாதம். போகிறவர்கள் போகிறார்கள், இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை தரும் ராமலிங்கசுவாமி உதவித்தொகை போன்றவை திரும்புகிறவர்களுக்காகவே இருக்கின்றன. ஆனால் ஆராய்ச்சிக்கு மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் செலவழிக்கும் நாடு, அனுப்பியவர்களை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்று பேசுவது கனவு. இலங்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? விசாவில் இருப்பவரும் கேட்கலாம் என்று கே-99இல் செய்ததை எஃப்-32இலும் செய்யலாம். ஓராண்டுக் கைத்தாங்கல் நிதியைக் கிராண்ட் முடிந்த கூடத்து ஊழியரின் பெயருக்கே தரலாம். தொகையைக் கூட்டாமலே முடிகிற வேலைகள் இவை. வாக்குரிமை உள்ளவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் பட்ஜெட் எண்ணை மட்டும் கேட்காமல் இதையும் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போஸ்ட்டாக்காக வர நினைக்கும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தளத்தில் அவர் பெயரையும் தேடுங்கள், காசில்லை, கடவுச்சொல் வேண்டாம். ஆய்வின் தலைப்பும் தொகையும் இருக்கும் அந்தப் பக்கத்தில், தொடங்கிய தேதியோடு முடியும் தேதியும் போட்டிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.